தொலைந்த புரோ நோட்டு, திருடுபோன காசோலை: பணத்தைப் பெற எந்த வழி ஏற்றது?

கடனுக்காக எழுதி வாங்கிய புரோ நோட்டு வைத்த இடத்தில் இல்லை என்றாலோ, சரக்குக்கு ஈடாக வந்த காசோலை பையோடு களவு போய்விட்டது என்றாலோ, தாள் போனதோடு பணமும் போயிற்று என்று நினைத்து ஓய்ந்துவிடுபவர்கள் பலர். சட்டத்தின் நிலை அதற்கு நேர்மாறானது. ஒரு புரோ நோட்டோ, மாற்றுச் சீட்டோ (குறித்த தொகையை இன்னாருக்குக் கொடு என்று ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் ஆணை), காசோலையோ தொலைந்தாலும் அழிந்தாலும், அந்த வேளையில் அதை வைத்திருக்கவும் அதன் தொகையைப் பெறவும் உரிமை கொண்டிருந்தவரே அதற்கு உரியவர் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881 தனது 8ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. (இனி, சட்டத்தின் பெயரின்றிக் குறிக்கப்படும் பிரிவுகள் இந்தச் சட்டத்தினவே.) உரிமை அப்படியே இருக்கிறது. அதைப் பணமாக மாற்றும் வழிகள்தான் பல. புதிய ஆவணம் கேட்டு வாங்கலாம். தொலைந்த ஆவணத்தின் பேரிலேயே உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். ஆவணத்தை ஒதுக்கிவிட்டு அடிப்படைக் கடனின் பேரில் வழக்குத் தொடுக்கலாம். காசோலையானால், அது பணமின்றித் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் புகார் கொடுக்கலாம். பணத்தைத் தவறாகப் பெற்றவர் மீதோ, அவருக்காக வசூலித்துக் கொடுத்த வங்கி மீதோ நடவடிக்கை எடுக்கலாம். இவற்றின் செலவும் காலமும் வெற்றி வாய்ப்பும் ஒன்றுபோல் இல்லை.

எதைத் தேர்வது என்பதை இரண்டு அபாயங்களை எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும் என்று கருதுகிறேன். ஒன்று, தொலைந்த தாள் வேறொருவர் கைக்குப் போய், அவர் நம்மைவிட மேலான உரிமையோடு வந்து நிற்கும் அபாயம். மற்றொன்று, தாள் இல்லாததால் அதில் என்ன எழுதியிருந்தது, யார் கையெழுத்திட்டார் என்பதையே நிரூபிக்க முடியாமல் போகும் அபாயம். முன்னதை மூன்றாம் ஆள் அபாயம் என்றும், பின்னதைச் சான்று அபாயம் என்றும் அழைப்போம். எல்லா ஆவணங்களிலும் இவை இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. புரோ நோட்டு தொலைந்தவர் காசோலை தொலைந்தவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையைப் பின்பற்றினால் இடறி விழுவது இதனால்தான்.

மூன்றாம் ஆள் அபாயம் எங்கிருந்து வருகிறது?

திருடிய பொருளை விற்பவன் தன்னிடம் இல்லாத உரிமையை வாங்குபவருக்குத் தர முடியாது என்பது பொதுவிதி. மாற்றுமுறை ஆவணங்கள் கைமாறிக் கைமாறிப் பணம்போலப் புழங்க வேண்டும் என்பதற்காகச் சட்டம் இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. 58ஆம் பிரிவின்படி, தொலைந்த ஆவணத்தைக் கண்டெடுத்தவனோ, குற்றத்தின் மூலமோ மோசடியின் மூலமோ அதை அடைந்தவனோ பணம் கேட்க முடியாது. அவனிடமிருந்து பெற்றவரும் கேட்க முடியாது. ஆனால் அப்படிப் பெற்றவர், ஆவணத்தின் தொகை செலுத்தப்பட வேண்டிய நாளுக்கு முன்பே, உரிய மறுபயன் (ஈடாகப் பணமோ பொருளோ) கொடுத்து, கொடுத்தவரின் உரிமையில் குறை இருப்பதாக ஐயுறக் காரணம் ஏதுமின்றிப் பெற்றிருந்தால், அவர் 'முறைப்படி பெற்றவர்' ஆகிறார். அவரது கோரிக்கை செல்லும். அவருக்குப் பணம் கொடுத்த பின் நமக்கும் கொடுக்க நேருமோ என்ற கடனாளியின் அச்சம் இங்கிருந்துதான் பிறக்கிறது. தொலைந்த ஆவணத்துக்குப் பணம் கேட்பவரிடம் சட்டம் ஈட்டுறுதி (பின்னால் வேறொருவர் கோரினால் நேரும் இழப்பை ஈடுசெய்வேன் என்ற உறுதி) கேட்பதும் அதனால்தான். இதில் உரியவருக்குச் சாதகமான ஓர் அம்சமும் உண்டு. ஆவணம் குற்றத்தால் பறிபோனது என்று காட்டப்பட்டால், தான் முறைப்படி பெற்றவர் என்பதை நிரூபிக்கும் சுமை 118ஆம் பிரிவின்படி அதை வைத்திருப்பவர் மீதே விழுகிறது.

இந்த அபாயம் ஆவணத்தின் வடிவத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. கோடிடாத, கொண்டுவருபவருக்குச் செலுத்த வேண்டிய காசோலையே மிக ஆபத்தானது. அதை எடுத்தவன் அடுத்த மணி நேரத்தில் வங்கி முகப்பில் பணமாக்கிவிடலாம். வங்கி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் செலுத்தியிருந்தால் 85ஆம் பிரிவு அதைக் காப்பாற்றிவிடும். யாருக்கு என்று குறிப்பிடாமல் பின்பக்கம் கையெழுத்து மட்டும் இட்டு வைத்த ஆவணமும் அதே நிலைக்கு வந்துவிடுகிறது. பெயருக்கு எழுதப்பட்ட காசோலையைத் திருடியவன் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் உரியவரின் மேலெழுத்தை (ஆவணத்தை மாற்றிக்கொடுக்க அதன் பின்பக்கம் இடும் கையெழுத்தை) பொய்யாக இட வேண்டும். பொய் மேலெழுத்தின் வழியாக வந்தவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருக்கு உரிமை பிறக்காது. கோடுகளுக்கிடையே 'மாற்றத்தக்கதல்ல' என்று எழுதப்பட்டிருந்தால், 130ஆம் பிரிவின்படி, பெறுபவருக்குக் கொடுத்தவரைவிட மேலான உரிமை கிடைக்காது. பெறுநர் கணக்கில் மட்டும் வரவு வைக்க வேண்டும் என்று கோடிட்ட காசோலையில் அபாயம் இன்னும் குறைவு.

புரோ நோட்டின் கதை வேறு. கொண்டுவருபவருக்குச் செலுத்துவதாகப் புரோ நோட்டு எழுதுவதையே இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம், 1934-இன் 31ஆம் பிரிவு தடுத்துவிட்டது. எனவே நடைமுறையில் புழங்கும் நோட்டுகள் பெயருக்கு எழுதப்பட்டவை. பெரும்பாலும் யாருக்கும் மேலெழுதப்படாமல் கடன் கொடுத்தவரின் பெட்டியிலேயே கிடப்பவை. அப்படிப்பட்ட நோட்டு தெருவில் விழுந்தால் அதை எடுத்தவனால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. மூன்றாம் ஆள் அபாயம் சொற்பம். சான்று அபாயமோ மலையளவு, ஏனெனில் கடன் கொடுத்ததற்கு அந்த ஒரு தாளைத் தவிர வேறு எழுத்தே பல இடங்களில் இருப்பதில்லை.

யார் கையில் இருந்தபோது தொலைந்தது?

வழியைத் தேர்வதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். ஆவணம் நம்மிடம் ஒப்படைக்கப்படும் வரை அதற்கு நாம் உரியவர் அல்ல. எழுதியவர் தம் விருப்பத்தில் அஞ்சலில் அனுப்பி, அது வந்து சேராமல் போயிருந்தால், கடன் தீரவில்லை, அவ்வளவே. அவர் வேறொரு காசோலை தரக் கடமைப்பட்டவர், நாம் ஈட்டுறுதி பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் காசோலையை அஞ்சலில் அனுப்புங்கள் என்று நாமே கேட்டிருந்தால் நிலை தலைகீழாகிறது. அப்படிக் கேட்ட இடத்தில் அஞ்சல் துறை பெறுநரின் முகவராகிறது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் ஒரு வருமான வரி வழக்கில் கூறியது. அஞ்சல் பெட்டியில் போட்ட கணமே அது நம் கைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, வழியில் நேரும் இழப்பு நம் தலையில் விழலாம். கடிதத்திலோ மின்னஞ்சலிலோ எழுதிய ஒரு வரி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

எந்த வழியில் போவதாக இருந்தாலும், இழப்பு தெரிந்தவுடன் காவல் நிலையத்தில் புகாரைப் பதிவுசெய்து ஒப்புகை பெறுவதும், எழுதிக்கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்துச் செலுத்துதலை நிறுத்தச் சொல்வதும் முதல் வேலை. பணம் செலுத்த வேண்டிய வங்கிக்கும் நமக்கும் ஒப்பந்தம் இல்லாததால், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கணக்குக்காரருக்கே உண்டு. ஆயினும் அந்த வங்கிக்கு நாமும் எழுதி வைப்பது வீண்போகாது. இழப்பை அறிந்த பிறகும் செலுத்திவிட்டு, கவனக்குறைவு இல்லை என்று வாதிடுவது வங்கிக்குக் கடினமாகும்.

புதிய ஆவணம் கேட்பது

தொகை செலுத்த வேண்டிய நாள் கடப்பதற்கு முன் தொலைந்த மாற்றுச் சீட்டுக்கு உரியவர், அதே வாசகத்தில் இன்னொன்று தருமாறு எழுதியவரைக் கேட்கலாம் என்றும், எழுதியவர் கேட்டால் ஈட்டுறுதி தர வேண்டும் என்றும், அவர் மறுத்தால் கட்டாயப்படுத்தலாம் என்றும் 45அ பிரிவு சொல்கிறது. காசோலையும் மாற்றுச் சீட்டின் ஒரு வகையே என்பதால் இது காசோலைக்கும் பொருந்தும். கடனாளி நல்ல மனத்தோடு இருக்கும்வரை இதைவிட விரைவான வழி வேறில்லை. அவர் மறுத்துவிட்டால், புதிய காசோலைக்காக மட்டும் நீதிமன்றம் செல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீதிமன்றத்துக்குப் போவதென்று ஆன பிறகு தாளைக் கேட்பதைவிடப் பணத்தைக் கேட்பதே அறிவுடைமை. தவிர, இந்தப் பிரிவு எழுதியவரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மாற்றுச் சீட்டை ஏற்றுக் கையெழுத்திட்டவரையோ, இடையில் மேலெழுதியவர்களையோ மீண்டும் கையெழுத்திடச் செய்ய இதில் இடமில்லை. பழைய தாளில் நான்கு பேரின் பொறுப்பு இருந்திருந்தால், புதிய தாளில் ஒருவருடையது மட்டுமே மிஞ்சும்.

புரோ நோட்டுக்கு 45அ பிரிவு வாசகப்படி பொருந்தாது. அது மாற்றுச் சீட்டைப் பற்றியே பேசுகிறது. இருந்தாலும் கடனாளி இசைந்தால் புதிய நோட்டு எழுதி வாங்குவதைப்போல் நன்மை தருவது வேறெதுவும் இல்லை. சான்று அபாயம் ஒரே கையெழுத்தில் தீர்ந்துவிடுகிறது. வழக்குத் தொடுப்பதற்கான மூன்று ஆண்டுக் காலவரையறை புதிதாகத் தொடங்குகிறது. பழைய கடன் காலாவதியாகியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, கையெழுத்திட்ட புதிய எழுத்துறுதி செல்லும். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. பழைய நோட்டு தொலைந்த வரலாற்றையும், அது கிடைத்தால் இன்னது செய்வோம் என்ற நிபந்தனைகளையும் புதிய நோட்டுக்குள்ளேயே எழுதிவிடக் கூடாது. நிபந்தனையற்ற உறுதிமொழியாக இருந்தால்தான் அது புரோ நோட்டு. வரலாற்றையும் ஈட்டுறுதியையும் தனிக் கடிதமாக இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதே சரி.

வங்கி வரைவோலை (டிமாண்ட் டிராஃப்ட்) தொலைந்தவருக்குக் கவலை குறைவு, ஏனெனில் பணம் தர வேண்டியது வங்கி. வாங்கியவரோ பெறுநரோ கேட்டால் பதினைந்து நாட்களுக்குள் நகல் வரைவோலை தர வேண்டும், தாமதத்துக்கு வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல், ரூ.5,000 வரையிலான வரைவோலைக்கு, செலுத்தப்படவில்லை என்ற தகவலை பணம் தர வேண்டிய கிளையிலிருந்து வரவழைக்காமல், ஈட்டுறுதியின் பேரிலேயே தரலாம். மூன்றாம் நபருக்கு மேலெழுதப்பட்ட வரைவோலைக்கு இந்தக் காலக்கெடு பொருந்தாது. நாம் வசூலுக்குப் போட்ட காசோலையை வங்கியே தொலைத்திருந்தால் பொறுப்பு வசூலிக்கும் வங்கியுடையது. நகல் பெற ஆகும் செலவையும், நியாயமான தாமதத்துக்கு வட்டியையும் அது ஈடுசெய்ய வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காவிட்டால் இதைத் தாமாக முன்வந்து தருபவர்கள் அரிது என்பதால், எழுத்தில் கேட்பது நல்லது.

தொலைந்த ஆவணத்தின் பேரிலேயே வழக்கு

கடனாளி மறுக்கிறார், நோட்டின் நகலோ கையெழுத்தைப் பார்த்த சாட்சியோ இருக்கிறது என்ற நிலையில் முதன்மையான வழி இதுவே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7, விதி 16 இதற்கெனவே இருக்கிறது. ஆவணம் தொலைந்தது நிரூபிக்கப்பட்டு, அதன்மீது வேறு எவரும் கோரிக்கை கொண்டுவந்தால் ஈடுசெய்வதாக நீதிமன்றம் நிறைவடையும் வகையில் வாதி ஈட்டுறுதி கொடுத்தால், ஆவணத்தை நேரில் காட்டியிருந்தால் என்ன தீர்ப்பாணை வழங்கியிருக்குமோ அதையே நீதிமன்றம் வழங்கலாம். 81ஆம் பிரிவும் இதற்கு இணையாகப் பேசுகிறது: பணம் செலுத்துபவர் ஆவணத்தைத் திரும்பப் பெற உரிமை உள்ளவர், அது தொலைந்துவிட்டால் அதற்குப் பதிலாக ஈட்டுறுதி பெற உரிமை உள்ளவர்.

இந்த வழியின் பெரிய ஆதாயம் சட்ட ஊகங்கள். நோட்டு எழுதப்பட்டதும் அதில் கையெழுத்து இடப்பட்டதும் நிரூபிக்கப்பட்டால், அதற்கு மறுபயன் கொடுக்கப்பட்டது என்று 118ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஊகிக்கும். பணமே வாங்கவில்லை என்று காட்டும் சுமை கடனாளிக்குப் போய்விடும். ஆவணத்தில் வட்டி விகிதம் குறிக்கப்படாதிருந்தால் 80ஆம் பிரிவு ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று நிர்ணயிக்கிறது. இவை இரண்டும் அடிப்படைக் கடனின் பேரில் தொடுக்கும் வழக்கில் கிடைக்கமாட்டா.

சிரமம் சான்றில் இருக்கிறது. அசல் தொலைந்ததால் இரண்டாம் நிலைச் சான்று (நகல், அசலைப் பார்த்தவரின் சாட்சியம் போன்றவை) கொடுக்கலாம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 65ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 60ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் ஒளிநகலை நீட்டியவுடன் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. அசல் இருந்தது, கடைசியாக யார் வசம் இருந்தது, எப்போது, எங்கே தேடியும் கிடைக்கவில்லை, நகல் அசலிலிருந்தே எடுக்கப்பட்டது என்ற அடித்தளத்தைச் சாட்சியத்தால் போட்ட பிறகே நகல் உள்ளே வரும். நாள் கடந்து, வழக்குத் தொடுக்கும் வாரத்தில் கொடுத்த காவல்துறைப் புகார் இந்த அடித்தளத்துக்கு அதிகம் உதவாது.

முத்திரை பற்றி ஒரு நுட்பம் இருக்கிறது; அதில் சற்றுத் தங்கிச் செல்வது தகும். போதிய முத்திரையில்லாத புரோ நோட்டை, அபராதம் கட்டியும் சான்றாக ஏற்கச் செய்ய முடியாது என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. முத்திரையில்லாத அசலின் நகலையும் சான்றாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் தொலைந்த புரோ நோட்டோ, மாற்றுச் சீட்டோ, காசோலையோ முறைப்படி முத்திரையிடப்பட்டிருந்தது என்று 118ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு ஊகிக்கச் சொல்கிறது. ஆக, நகலே இல்லாமல் சாட்சிகளைக் கொண்டு நிரூபிப்பவர் இந்த ஊகத்தின் நிழலில் நிற்கலாம். கையில் நகல் வைத்திருப்பவரோ, அந்த நகலில் வருவாய் முத்திரை தெரியவில்லை என்றாலோ, முத்திரையின் குறுக்கே கையெழுத்தோ கோடோ இட்டு அது மீண்டும் பயன்படாதபடி செல்லாததாக்கப்படவில்லை என்று தெரிந்தாலோ, தம் சான்றாலேயே அந்த ஊகத்தை உடைத்துக்கொள்கிறார். நகலைத் தாக்கல் செய்வதற்கு முன் அதன் முத்திரைப் பகுதியை வழக்கறிஞரோடு உட்கார்ந்து உற்றுப் பார்க்க வேண்டும். காசோலைக்கு முத்திரைத் தீர்வை இல்லாததால் இந்தச் சிக்கல் அங்கே எழுவதில்லை.

இன்னொன்று, நோட்டின் பின்பக்கம். வட்டியாகவோ அசலில் ஒரு பகுதியாகவோ பணம் கொடுக்கும்போதெல்லாம் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கடனாளியிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். காலவரையறைச் சட்டம், 1963-இன் 19ஆம் பிரிவின்படி அந்த எழுத்துதான் மூன்று ஆண்டுகளைப் புதுப்பிக்கிறது. நோட்டு தொலையும்போது அந்த வரவுகளும் கூடவே தொலைகின்றன. முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைத்தவர் கடனை நிரூபித்துவிட்டு, காலாவதியைத் தாண்ட முடியாமல் தோற்கக்கூடும். நோட்டு கிடைக்கவில்லை என்பது காலக் கணக்கை நிறுத்தவும் செய்யாது.

புரோ நோட்டுக்கும் மாற்றுச் சீட்டுக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-இன்கீழ், நீதிமன்ற அனுமதியின்றிக் கடனாளி எதிர்வாதம் செய்ய முடியாத சுருக்கமுறை வழக்குத் தொடுக்கலாமே என்று கேட்கலாம். அசல் கையில் இருக்கும்போது அது கூர்மையான ஆயுதம். அசலே இல்லாதபோது, இழப்பு, நகலின் நம்பகம், ஈட்டுறுதி என விசாரிக்க வேண்டிய வினாக்கள் தாமாகவே எழுவதால், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்கும் கடனாளிக்கு நாமே காரணங்களை எடுத்துக் கொடுத்ததாக ஆகும். பெரும்பாலான நேரங்களில் சாதாரண வழக்காகவே தொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடனாளியே நோட்டைப் பறித்துக் கிழித்துவிட்டார் என்ற நிலை தனியானது. கடன் ஆவணம் கடனாளி கையில் இருந்தால் கடன் தீர்க்கப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று பாரதிய சாட்சிய அதினியம் சொல்கிறது. பறித்த நாளிலேயே கொடுத்த புகாரும், ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டுமாறு அவருக்கு அனுப்பிய அறிவிப்பும் இல்லாமல் இந்த ஊகத்தை எதிர்கொள்வது கடினம்.

அடிப்படைக் கடனின் பேரில் வழக்கு

ஆவணத்தைப் பற்றிய தகராறுகளையெல்லாம் தவிர்த்து, பணம் கொடுத்தேன், திருப்பிக் கொடு என்று நேரடியாகக் கேட்பது எளிதாகத் தோன்றும். சரக்கு விற்று, அதற்காகக் காசோலை பெற்று, அது தொலைந்த வணிகருக்கு இது உண்மையிலேயே எளிது: விலைப்பட்டியலும் கணக்குப் புத்தகமும் கையில் இருக்கின்றன, காசோலை அந்தக் கடனுக்கு நிபந்தனைக்குட்பட்ட செலுத்துதல் (அது பணமானால்தான் கடன் தீரும்) மட்டுமே. வங்கி வழியாகக் கடன் தொகையை அனுப்பியவருக்கும் கணக்கு அறிக்கை துணை நிற்கும். ரொக்கமாகக் கொடுத்துப் புரோ நோட்டு வாங்கியவருக்கு இந்தப் பாதை வழுக்குகிறது. கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் முழுவதும் நோட்டிலேயே அடங்கியிருந்தால், அந்த எழுத்தை விலக்கிவிட்டு வாய்மொழிச் சான்றால் கடனை நிரூபிக்க முடியாது என்றும், நோட்டு நிபந்தனைக்குட்பட்ட செலுத்துதலாகவோ துணைப் பிணையாகவோ கொடுக்கப்பட்டிருந்தால் கடனின் பேரில் வழக்குத் தொடுக்கலாம் என்றும் 1938-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வகுத்தது. அது முத்திரைக் குறையுள்ள நோட்டைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், நோட்டை ஒதுக்கிவிட்டு வழக்காட நினைப்பவர் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

ஈட்டுறுதியிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் இந்த வழியைத் தேர்வதும் பயன் தராது. தாள் வெளியே எங்கோ இருக்கும்வரை, இரண்டு முறை செலுத்த நேரும் என்ற கடனாளியின் வாதத்துக்கு நீதிமன்றம் செவிசாய்க்கவே செய்யும். எனவே வழக்குரையில் நோட்டின் பேரிலான கோரிக்கையை முதன்மையாகவும், அடிப்படைக் கடனின் பேரிலான கோரிக்கையை மாற்றாகவும் சேர்த்தே வைப்பதைப் பரிந்துரைக்கிறேன். இரண்டுக்குமான நிகழ்வுகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் திருத்த மனு போட்டுச் சேர்ப்பதற்குள் காலவரையறை முடிந்துவிடக்கூடும்.

138ஆம் பிரிவு

காசோலை என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது இந்தப் பிரிவுதான். தொலைந்த காசோலைக்கு இது பெரும்பாலும் உதவாது. காசோலை வங்கியில் காட்டப்பட்டுத் திரும்பியிருக்க வேண்டும் என்பது குற்றத்தின் அடிப்படைக் கூறு. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்குள் காட்டுவதற்கு முன்பே தொலைந்துவிட்டால் இந்தக் கதவு மூடியதுதான். வேறொருவர் காட்டி, தொலைந்ததாக எழுதியவர் தெரிவித்துள்ளார் என்ற குறிப்போடு வங்கி திருப்பினால் 138 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியது. காசோலை திரும்பிய பிறகு தொலைந்திருந்தால் மட்டும் இது உயிரோடு இருக்கும்: வங்கியின் திருப்பு குறிப்பும் காசோலையின் படமும் இருந்தால், இரண்டாம் நிலைச் சான்றுக்கு அனுமதி கேட்டு வழக்கை நடத்தலாம். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு, அதைப் பெற்ற 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கெடுக்கள், தாள் தொலைந்தது என்பதற்காக நீளுவதில்லை.

பணத்தைப் பெற்றவர் மீதும் வங்கி மீதும்

திருடப்பட்ட காசோலை ஏற்கெனவே பணமாகிவிட்டது என்றால் கணக்கே மாறிவிடுகிறது. கொண்டுவருபவருக்குரிய காசோலை நம்மிடமிருந்து திருடப்பட்டு, வங்கி முறைப்படி செலுத்திவிட்டது என்றால், எழுதிக்கொடுத்தவரும் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறார். அவரிடம் மீண்டும் கேட்பதில் பயனில்லை. எஞ்சுவது திருடனும், அவனுக்காகப் பணத்தை வசூலித்த வங்கியும். கோடிட்ட காசோலையை வாடிக்கையாளருக்காக நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் வசூலித்த வங்கிக்கு 131ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அந்தப் பாதுகாப்பின் உயிர்நாடி 'கவனக்குறைவு இல்லாமல்' என்ற சொற்களில் இருக்கிறது. பெறுநர் கணக்குக்கு மட்டும் என்று கோடிட்ட காசோலையை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்த வங்கியும், அடையாளம் சரிபார்க்காமல் புதிய கணக்கைத் திறந்து அதில் இந்த ஒரு காசோலையை வசூலித்துக் கொடுத்த வங்கியும் தப்புவது கடினம். திருடனைத் தேடிப் பிடித்துத் தீர்ப்பாணை வாங்கினாலும் அவனிடம் வசூலிக்க ஒன்றும் இராது என்பதால், இங்கே ஆராய வேண்டியது வசூலித்த வங்கியின் கணக்குத் திறப்பு ஆவணங்களையே. களவுபோன அசையும் பொருளுக்கான இழப்பீட்டு வழக்கில், அது யார் வசம் உள்ளது என்பதை உரியவர் முதலில் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற காலக் கணக்கு இவ்வழிக்குச் சற்று இடம் தருகிறது.

ஈட்டுறுதியைப் பேரம் பேசுதல்

முதல் இரண்டு வழிகளிலும் ஈட்டுறுதி தவிர்க்க முடியாதது. ஆனால் கடனாளியின் தரப்பு எழுதித் தருவதை அப்படியே கையெழுத்திட வேண்டியதில்லை. அபாயத்துக்கு ஏற்ற அளவே ஈட்டுறுதி இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். மேலெழுதப்படாத புரோ நோட்டுக்கு, நோட்டின் தொகையும் அதன் வட்டியும் என்ற உச்சவரம்போடு, பிணையாள் இல்லாத தனிப்பட்ட உறுதியே போதும் என்று வாதிடலாம். வெற்று மேலெழுத்திட்ட மாற்றுச் சீட்டுக்கு நீதிமன்றம் பிணையாளோ வங்கி உத்தரவாதமோ கேட்டால் அதில் குறைசொல்ல முடியாது. தேதியிட்ட காசோலை மூன்று மாதம் கடந்து செல்லாக் காசோலையாகிவிட்டால், அதன் பிறகு புதிதாக வாங்குபவர் முறைப்படி பெற்றவராக நின்று பேசுவது அரிது. முன்பே வாங்கியவர் இருந்தாலும், அவர் எழுதியவர் மீது வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுதான். எனவே ஈட்டுறுதி அந்தக் காலம் முடிந்ததும் தானாக முடியும் என்று எழுதிக்கொள்ளலாம். அசல் பின்னால் கிடைத்தால் அதைச் செல்லாததாக்கி ஒப்படைத்த அன்றே ஈட்டுறுதியும் ரத்தாகும் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். உரியவர் இறந்து வாரிசுகள் கேட்கும் நிலையில், தீர்ப்பாணை பெற வாரிசுரிமைச் சான்றிதழும் தேவைப்படும் என்பதால், ஈட்டுறுதியில் எல்லா வாரிசுகளும் கையெழுத்திடுவதைத் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.